நிலம் யாருடையது, பொறுப்பு யாருடையது?



“கிரவுண்டு தர்றதுல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. ஒரு புள்ளைக்கு ஏதாவது ஆயிட்டா என் தலையிலதானே வந்து விடியும்?” ஊரை ஒட்டி இரண்டு ஏக்கர் காலி நிலம் வைத்திருப்பவரிடம், கிரிக்கெட்டோ கால்பந்தோ சொல்லித்தரும் பயிற்சியாளர் போய் நின்றால், வாடகைப் பேச்சுக்கு முன்னால் எழும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஆனால் இதற்குப் பதில் தெரியாமலே பெரும்பாலான பேரங்கள் முடிகின்றன. ஒருவர் பயந்து கேட்டைப் பூட்டிவிடுகிறார். இன்னொருவர் மாத வாடகையைக் கைபேசியில் வாங்கிக்கொண்டு, ஒரு வரி எழுத்துகூட இல்லாமல் நாற்பது பிள்ளைகளை உள்ளே விடுகிறார்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தப் பிரச்சினை இவ்வளவு பெரிதாக இல்லை. கோவில் திடல், வறண்ட ஏரியின் உட்பரப்பு, அறுவடை முடிந்த வயல், பள்ளி மைதானம் என்று பிள்ளைகள் கிடைத்த இடத்தில் ஆடினார்கள்; யாரும் யாருக்கும் வாடகை கொடுக்கவில்லை. இன்று காலி மனைகள் வீடுகளாகிவிட்டன, பள்ளிகள் மாலையில் வாசலைப் பூட்டுகின்றன. பயிற்சி முகாம்கள் தனியார் நிலத்தைத் தேடி வருகின்றன. தென்னந்தோப்பின் ஓரம், மூடிக்கிடக்கும் ஆலையின் வளாகம், திருமண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம், வலை கட்டிய செயற்கைப் புல்தரை எல்லாம் மைதானங்களாகிவிட்டன. பணம் கைமாறும் இடத்தில் சட்டமும் வந்து நிற்கும். அந்தச் சட்டம் நில உரிமையாளரிடம் என்ன கேட்கிறது, என்ன கேட்பதில்லை என்பதை விளக்குவதே இந்தச் சொற்பொழிவின் நோக்கம்.

கட்டுப்பாடு யாரிடம்?

பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரே எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். வாடகைக்கு விட்டாயிற்று, இனி நமக்குச் சம்பந்தமில்லை என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு. கவனக்குறைவால் விளைந்த தீங்குக்கு இழப்பீடு தரும் சட்டம் இந்தியாவில் பெரும்பாலும் தீர்ப்புகள் வழியே வளர்ந்தது. அதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. இடத்தைக் கையில் வைத்திருப்பவரின் பொறுப்பைச் சொல்ல அங்கே 1957-இல் தனிச் சட்டமே இயற்றினார்கள். இங்கே அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை என்பதால், நீதிமன்றங்கள் பழைய தீர்ப்புகளின் வழியைத்தான் பார்க்கின்றன.

அவற்றில் நில உரிமையாளர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது 1966-இல் இங்கிலாந்தின் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் அவை வழங்கிய ‘வீட் எதிர் லேக்கன்’ தீர்ப்பு. கிரேட் யார்மவுத் என்ற கடற்கரை ஊரில் ஒரு மதுக்கடை. கட்டடம் லேக்கன் என்ற மது ஆலைக்குச் சொந்தம். மாடியில் மேலாளர் குடும்பத்தோடு தங்கிக்கொண்டு, கோடையில் விருந்தினர்களுக்கும் அறை கொடுத்துவந்தார். ஒரு விருந்தினர் இரவில் பின்பக்கப் படிக்கட்டில் விழுந்து இறந்துபோனார். கைப்பிடி கடைசிப் படிவரை வராமல் முன்னதாகவே முடிந்திருந்தது. மேலே பல்பும் இல்லை. அந்த மாடி யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தது என்பதுதான் வழக்கு. ஆலையிடமும் இருந்தது, மேலாளரிடமும் இருந்தது என்றார்கள் நீதிபதிகள். ஒரே இடத்துக்கு ஒரே சமயத்தில் இருவர் பொறுப்பாளிகளாக இருக்கலாம். எதை யார் கையில் வைத்திருந்தாரோ அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அந்த வழக்கில் இரு தரப்பின் மீதும் கவனக்குறைவு நிரூபணமாகவில்லை என்பதால் இழப்பீடு கிடைக்கவில்லை. ஆனால் அன்று வகுத்த அளவுகோல் இன்றும் நிற்கிறது.

இதை ஒரு தோப்பு மைதானத்தில் பொருத்திப் பார்க்கலாம். கேட்டின் சாவி உரிமையாளரிடம். கிணறும் மோட்டார் அறையும் அவருடையவை. மின் இணைப்பு அவர் பெயரில். ஸ்டம்பு, வலை, மேட், பயிற்சி நேரம், எத்தனை பிள்ளைகள் என்பவை எல்லாம் பயிற்சியாளர் கையில். மோட்டார் அறைக் கதவு திறந்துகிடந்து ஒரு பிள்ளைக்கு மின்சாரம் தாக்கினால், மைதானத்தைப் பயிற்சியாளருக்கு விட்டுவிட்டேன் என்று உரிமையாளர் சொல்வது எடுபடாது. ஹெல்மெட் இல்லாமல் சிறுவனை மட்டை பிடிக்கவைத்து முகத்தில் பந்து பட்டால், அதற்கு உரிமையாளரை இழுப்பதும் எளிதல்ல. யார் கையில் எது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால், பாதி வழக்கு எழுவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

மறைக்கக் கூடாத குறைகள்

தினமும் மாலை நான்கிலிருந்து ஏழுவரை ஆடிக்கொள்ளுங்கள் என்று விடுவது குத்தகை ஆகாது, உரிமம்தான். நிலத்தின் அனுபோகம் உரிமையாளரிடமே இருக்கிறது; வந்து ஆடிவிட்டுப் போகும் அனுமதி மட்டுமே மற்றவருக்கு. இந்த உரிமத்துக்கு இலக்கணம் சொல்வது 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம். முதன்முதலில் அது நடைமுறைக்கு வந்த நிலப்பரப்புகளில் சென்னை மாகாணமும் ஒன்று. உரிமத்தை வரையறுக்கும் அதன் 52-ஆம் பிரிவை வழக்கறிஞர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். 57, 58 ஆகிய பிரிவுகளை யாரும் அதிகம் பேசுவதில்லை. மைதான விஷயத்தில் உயிரான பிரிவுகள் இவை இரண்டும்தான்.

இடத்தில் ஆபத்தான குறை ஒன்று இருப்பது உரிமையாளருக்குத் தெரியும், உள்ளே வருபவருக்குத் தெரியாது என்றால், அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 57-ஆம் பிரிவு. அனுமதி கொடுத்த பிறகு இடத்தை ஆபத்தானதாக மாற்றும் எதையும் செய்யக் கூடாது என்கிறது 58-ஆம் பிரிவு. ஆண்டுக் கணக்கில் முழு அனுபோகத்தோடு குத்தகைக்கு விட்டாலும் தப்ப முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவின் முதல் கூறே, எந்தப் பயனுக்காக இடம் கேட்கப்படுகிறதோ அந்தப் பயனை ஒட்டி, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத பெருங்குறைகளைக் குத்தகைக்குக் கொடுப்பவர் சொல்ல வேண்டும் என்கிறது. பத்திரத்தின் தலைப்பில் குத்தகை என்றோ உரிமம் என்றோ எழுதிவிடுவதாலும் காரியம் முடியாது. தலைப்பைப் பார்க்காமல் உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று 1959-இல் ‘அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் எதிர் ஆர்.என். கபூர்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நிலத்தில் ஒருமுறை சுற்றி நடந்தால் இந்தக் குறைகள் கண்ணில் படும். மின்கம்பத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஸ்டே கம்பி பவுண்டரிக் கோட்டுக்கு உள்ளே வருகிறதா? தரைமட்டத்தில் இருக்கும் சம்ப்பின் மூடி கனமானதா, வெறும் தகரமா? கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றைச் சுற்றி வெறும் முள் மட்டும் போட்டிருக்கிறதா? கான்கிரீட் பிட்ச்சின் மேல் விரிக்கும் கயிற்று மேட்டை அடித்து நிறுத்தும் இரும்பு ஆணிகள் தலை தூக்கி நிற்கின்றனவா? ஓடிவந்து பந்து வீசும் பிள்ளையின் முழங்காலைக் கிழிப்பது அந்த ஆணிதான். உருளையை மேட்டிலேயே விட்டுப்போயிருக்கிறார்களா? விளக்குக் கம்பத்துக்குப் போகும் ஒயர் மண்ணுக்கடியில் குழாய்க்குள் போகிறதா, புல்லோடு புல்லாகக் கிடக்கிறதா? 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டிருக்கிறதா? நடந்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். பார்த்ததைத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டால் 57-ஆம் பிரிவு கேட்பது கிட்டத்தட்ட நிறைவேறிவிடும்.

கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றைப் பற்றித் தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பயன்படாத ஆழ்துளைகளை அடியிலிருந்து தரைமட்டம்வரை மண், கல், சரளை கொண்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இலேயே உத்தரவிட்டிருந்தது. அதற்குப் பிறகும், 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே வீட்டுத் தோட்டத்து ஆழ்துளையில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நாடே விழித்திருந்தும் உயிரோடு மீட்க முடியவில்லை. நாற்பது பிள்ளைகள் பந்தைத் தேடி ஓடும் நிலத்தில் அப்படி ஒரு குழி இருப்பதை அறிந்தும் நிரப்பாதவருக்கு எந்தச் சட்டமும் கைகொடுக்காது, கொடுக்கவும் கூடாது.

பிள்ளைகளுக்குத் தனி அளவுகோல்

பெரியவர்களை உள்ளே விடும்போது போதுமான கவனம் பிள்ளைகளுக்குப் போதாது. கிளாஸ்கோ நகரத் தாவரப் பூங்காவில் பளபளப்பான விஷப்பழங்களைத் தின்று ஏழு வயதுச் சிறுவன் இறந்தான். பார்வைக்கு ஆசை காட்டும் பொருளைப் பிள்ளைகள் வரும் இடத்தில் தக்க எச்சரிக்கையோ தடுப்போ இல்லாமல் வைத்தால் நகராட்சி பதில் சொல்லியாக வேண்டும் என்றது பிரபுக்கள் அவை. 2000-இல் ‘ஜாலி எதிர் சட்டன்’ வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. குடியிருப்பு வளாகத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய படகைச் சரிசெய்து கடலுக்குக் கொண்டுபோகலாம் என்று இரண்டு பதின்வயதுப் பையன்கள் கார் ஜாக்கி வைத்து அதைத் தூக்கினார்கள். படகு சரிந்து ஒருவனின் முதுகெலும்பு முறிந்தது. அவர்கள் அப்படித் தூக்குவார்கள் என்று யார் எதிர்பார்க்க முடியும் என்று நகராட்சி வாதாடியது. பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு எல்லையே கிடையாது. என்ன செய்வார்கள் என்று துல்லியமாகத் தெரியாவிட்டாலும், ஏதாவது செய்வார்கள் என்பது தெரியும் என்ற நோக்கில் அவை பையனின் பக்கம் நின்றது.

மைதானத்து மூலையில் கிடக்கும் பழைய டிராக்டர் டிரெய்லர், அடுக்கிவைத்த சிமெண்டுக் குழாய், உடைந்த ஜெனரேட்டர் எல்லாம் இந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியவை. பயிற்சி முடிந்து அப்பா வண்டி எடுத்துக்கொண்டு வரும்வரை பிள்ளைகள் காத்திருக்கும் அரை மணி நேரத்தில்தான் அவற்றின் மேல் ஏறுவார்கள்.

இந்தியத் தீர்ப்புகளும் இதே வழியில்தான் போயிருக்கின்றன. 1995 மே மாதம் பஞ்சாபின் பதான்கோட் அருகே உள்ள ஒரு பள்ளியிலிருந்து பியாஸ் ஆற்றங்கரைக்குச் சுற்றுலா போன பிள்ளைகளில் 14 பேர் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை ‘கிரேவால் எதிர் தீப் சந்த் சூத்’ வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கூட்டிச்சென்ற ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகமே பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பின் அடிநாதம். பயிற்சி அகாடமி நடத்துகிறவர்கள் இதை நன்றாகப் படிக்க வேண்டும்.

கோல் போஸ்ட்

விளையாட்டு மைதானங்களில் ஒரு சாதனத்தைக் குறிப்பாகச் சொல்லியாக வேண்டும். தரையில் ஊன்றாமல், இங்குமங்கும் நகர்த்தக்கூடிய கால்பந்து கோல் போஸ்ட். முழு அளவு போஸ்ட் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்டது. இரும்புக் குழாயின் எடை பெரும்பாலும் முன்பக்கக் குறுக்குக் கட்டையிலும் இரண்டு தூண்களிலும் இருக்கிறது. பின்னால் இருப்பது மெல்லிய சட்டம், வலை அவ்வளவுதான். ஒரு சிறுவன் குதித்துக் குறுக்குக் கட்டையைப் பிடித்துத் தொங்கினால் போதும், பின்கால் தூக்கிக்கொண்டு முழுப் பாரமும் அவன் மேல் கவிழும். அமெரிக்காவில் 1979 முதல் 1994 வரை இப்படிக் கவிழ்ந்த போஸ்ட்டுகளால் குறைந்தது 21 பேர் இறந்ததாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1995-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. இல்லினாய் மாநிலம் 2011-இல் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது.

இங்கே நம் ஊர்ப் பட்டறையில் ஜி.ஐ. குழாயை வெல்டிங் வைத்துச் செய்துதரும் போஸ்ட்டுக்கு எந்தத் தரச் சான்றும் கேட்பாரில்லை. தீர்வோ மிகச் சுலபம். பின்சட்டத்தில் இரண்டு பக்கமும் ஆழமான முளை அடிக்க வேண்டும். முளை அடிக்க முடியாத கெட்டித் தரையில் மணல் மூட்டைகளைப் பின்சட்டத்தின் மேல் கிடத்த வேண்டும். பயிற்சி முடிந்ததும் இரண்டு போஸ்ட்டையும் முகத்தோடு முகம் வைத்துச் சங்கிலியால் பூட்டிவிட வேண்டும். யார் போஸ்ட்டை வாங்கினார்கள், யார் முளை அடிப்பது, யார் பூட்டுவது என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பெற்றோரின் கையெழுத்து

அப்படி ஒரு போஸ்ட் கவிழ்ந்ததில் பிறந்ததுதான் 1998-இல் ஒஹையோ மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்த ‘ஸிவிச் எதிர் மென்டர் சாக்கர் கிளப்’ வழக்கு. பயிற்சி முடிந்து ஏழு வயதுச் சிறுவன் போஸ்ட்டில் தொங்கினான். அது கவிழ்ந்து விலா எலும்புகளும் காறை எலும்பும் முறிந்தன. சேர்க்கையின்போது எந்தக் காயத்துக்கும் கிளப்பைப் பொறுப்பாக்க மாட்டேன் என்று அவன் தாய் கையெழுத்திட்டிருந்தார். லாப நோக்கமில்லாமல் தன்னார்வலர்கள் நடத்தும் கிளப் என்பதால் அந்தக் கையெழுத்து செல்லும் என்றது நீதிமன்றம். எட்டு ஆண்டு கழித்து, நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ‘ஹோஜ்னோவ்ஸ்கி எதிர் வேன்ஸ் ஸ்கேட் பார்க்’ வழக்கில் இதற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு வயதுப் பையனின் தொடை எலும்பு முறிந்த அந்த இடம் வணிக நோக்கில் நடந்த சறுக்குப்பலகைப் பூங்கா. ஒரு பிள்ளைக்கு வரப்போகும் இழப்பீட்டு உரிமையைத் தாயோ தந்தையோ முன்கூட்டியே எழுதிக்கொடுக்க முடியாது என்பது அதன் முடிவு.

தமிழ்நாட்டுப் பயிற்சி முகாம்களின் சேர்க்கைப் படிவத்தில், ‘எந்த விபத்துக்கும் நிர்வாகமோ நில உரிமையாளரோ பொறுப்பல்ல’ என்ற வரி தவறாமல் இருக்கும். அந்த வரியை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் நம் சட்டத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 11-ஆம் பிரிவுப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அப்படிச் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903-இல் ‘மொஹோரி பீபி’ வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. பெற்றோர் கையெழுத்திட்டால்? 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, இயற்கைப் பாதுகாவலர் தம் தனிப்பட்ட வாக்குறுதியால் மைனரைக் கட்டுப்படுத்த முடியாது என்கிறது. நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போதுகூட, மைனர் சார்பாகச் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 32-ஆம் கட்டளை, 7-ஆம் விதி. அதற்கு மேலே, காலவரம்புச் சட்டம் மைனருக்காகக் காத்திருக்கிறது: இன்று பத்து வயதில் அடிபட்ட பிள்ளை, பதினெட்டு நிரம்பிய பின்னும் வழக்குத் தொடுக்கலாம், அந்த நீட்டிப்பு மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். படிவத்தைப் பத்திரப்படுத்தியவர் அதற்குள் நிலத்தையே விற்றிருக்கக்கூடும்.

பெற்றோரிடம் வாங்கும் படிவம் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பிள்ளைக்கு ஆஸ்துமா உண்டா, வலிப்பு உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, அவசரத்தில் யாரை அழைப்பது, எந்த ஆட்டத்தில் என்ன ஆபத்து என்பதைப் பெற்றோர் அறிந்து சம்மதித்ததற்கு அது சான்று. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் உயிர்காப்பது அந்தத் தகவல்தான்.

நில உரிமையாளருக்கு உண்மையில் கைகொடுக்கும் எழுத்து வேறு. நிலத்தின் பயன்பாட்டால் எழும் கோரிக்கைகளுக்கு ஈடுசெய்வோம் என்று பயிற்சி அமைப்பிடம் வாங்கும் ஈட்டுறுதி, ஒப்பந்தச் சட்டத்தின் 124-ஆம் பிரிவுப்படி செல்லும். ஆனால் அதன் மதிப்பு கொடுத்தவரின் கஜானாவைப் பொறுத்தது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதியாத குழுவுக்குச் சட்டத்தின் பார்வையில் தனி உருவமே கிடையாது. கையெழுத்திடும் பயிற்சியாளர் தம் சொந்தப் பொறுப்பில்தான் கையெழுத்திடுகிறார். அந்த இளைஞருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நியாயம்.

சிறைக்கும் இழப்பீட்டுக்கும் இடையே

“போலீஸ் கேஸ் ஆகுமா?” என்ற பயம்தான் உரிமையாளர்களை அதிகம் ஆட்டுகிறது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால், பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டாக்கியிருக்கிறது. ஆனால் குற்ற வழக்கில் அளவுகோல் கடுமையானது. ‘ரங்வாலா எதிர் மகாராஷ்டிரா’ வழக்கில், பெயிண்ட் ஆலைத் தீயில் ஏழு தொழிலாளர்கள் இறந்தபோது, மரணத்துக்கு நேரடியான, உடனடியான காரணமாக அமைந்த செயல் மட்டுமே 304-ஏ பிரிவில் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நிலம் என் பெயரில் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை.

தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டவருக்கு அந்த ஆறுதல் கிடையாது. 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் தகரக் கொட்டகைக்குள் இயங்கிய விளையாட்டு மையத்தில் பிடித்த தீ 27 உயிர்களைக் குடித்தது. தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று இல்லாமலே அந்த மையம் நடந்துவந்தது. நடத்திய நிறுவனத்தாரோடு நிலத்தின் உரிமையாளர்களும் அந்த வழக்கில் சேர்க்கப்பட்டார்கள். தில்லி உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் இறந்த தீ, தரைத்தளத்தில் இருந்த மின்வாரிய டிரான்ஸ்பார்மரில் தொடங்கியது. இழப்பீட்டை 85 பங்கு திரையரங்கும் 15 பங்கு மின்வாரியமும் ஏற்க வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் பிரித்தது. டிரான்ஸ்பார்மர் அடுத்தவருடையதாக இருந்தும், வெளியேறும் வழிகளை அடைத்துவைத்த கட்டடக்காரர் பெரும்பங்கைச் சுமந்தார். மேற்கூரை போட்ட உள்ளரங்கப் புல்தரைகளுக்கு இந்த இரண்டு வழக்குகளும் நேரடிப் பாடம். ஒரே வாசல், அதுவும் பூட்டு. சுற்றிலும் நைலான் வலை. உள்ளே ஐம்பது பிள்ளைகள் என்ற அமைப்பை எந்த உரிமையாளரும் வாடகைக்காக அனுமதிக்கக் கூடாது.

எது பொறுப்பல்ல

சட்டம் நில உரிமையாளரைக் காப்பீட்டு நிறுவனமாக்கவில்லை. 1951-இல் தீர்ப்பான ‘போல்டன் எதிர் ஸ்டோன்’ வழக்கில் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே சாலையில் நின்ற பெண்ணின் மேல் பந்து விழுந்தது. முப்பது ஆண்டில் ஏறத்தாழ ஆறு முறைதான் பந்து அந்தச் சாலைக்குப் போயிருந்தது. ஆடுகளத்தின் மட்டத்திலிருந்து பதினேழு அடி உயரத்தில் வேலியின் உச்சி இருந்தது. இவ்வளவு அரிதான ஆபத்துக்குக் கிளப் பொறுப்பாகாது என்றது பிரபுக்கள் அவை. 1977-இல் டர்ஹமின் லின்ட்ஸ் கிராமத்தில் பந்துகள் அடிக்கடி பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விழுந்தபோது கிளப் இழப்பீடு தர நேர்ந்தது. ஆனால் ஆட்டத்தையே நிறுத்தும் தடையாணை கொடுக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது.

‘டாம்லின்சன் எதிர் காங்கிள்டன்’ வழக்கில், நீந்தக் கூடாது என்ற பலகை இருந்தும் ஆழமில்லாத ஏரியில் பாய்ந்து கழுத்து முறிந்த பதினெட்டு வயது இளைஞருக்கு இழப்பீடு கிடையாது என்று 2003-இல் முடிவானது. கண்ணெதிரே தெரியும் ஆபத்தில் வயது வந்தவர் தாமாக இறங்கியதற்காக, ஊரே குழந்தை குட்டிகளோடு மகிழும் மணற்கரையை அழித்துவிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் ஓங்கி ஒலித்தது. ஆட்டத்தின் இயல்பான அடிகளுக்கு, அதாவது பிடிக்கப்போய் விரல் பிசகுவது, மோதிக்கொண்டு விழுவது போன்றவற்றுக்கு, இடம் கொடுத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பணம் வாங்காமல் விட்டால் சட்டம் இன்னும் இளகுமா? அமெரிக்க மாநிலங்களில் இளகும். நிலத்தைப் பொதுமக்களின் பொழுதுபோக்குக்குக் கட்டணமின்றித் திறந்துவிடுபவர்களின் பொறுப்பைக் குறைக்கும் சட்டங்கள் அங்கே எல்லா மாநிலங்களிலும் உண்டு. கட்டணம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு பொதுவாகப் போய்விடும். அப்படி ஒரு சட்டம் இந்தியாவில் இல்லை. பிள்ளைகளுக்கு இடமில்லை என்று புலம்பும் நாட்டில், பெருமனத்தோடு இடம் கொடுப்பவருக்கு நியாயமான பாதுகாப்பு கொடுக்கும் சட்டம் ஒன்று வர வேண்டும். தெரிந்த ஆபத்தை மறைத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்ற நிபந்தனையோடு.

காப்பீடு

அமெரிக்காவில் ஒரு சிறுவர் பேஸ்பால் குழு மைதானம் கேட்டு வந்தால், நில உரிமையாளர் முதலில் கேட்பது காப்பீட்டுச் சான்றிதழ். அதில் தம் பெயரும் கூடுதலாகக் காப்பீடு பெறுபவராகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை. இந்த வழக்கம் இங்கே இன்னும் வேர்பிடிக்கவில்லை. ஆனால் பொதுப் பொறுப்புக் காப்பீடு இந்தியப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் கிடைக்கிறது. 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கானது.

பாலிசி வாங்கும்போது மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஓர் ஆண்டுக்கு எவ்வளவு என்று இரண்டு உச்சவரம்புகள் இருக்கும்; இரண்டையும் பார்க்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்களுக்கு மட்டும் காப்பு கொடுத்து, ஆடும் பிள்ளைகளை விலக்கும் வாசகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி விலக்கினால் அந்தப் பாலிசியால் மைதானத்துக்குப் பெரிய பயனில்லை. மூன்றாவதாக, பொறுப்புக் காப்பீடு கைகொடுப்பது யாரேனும் சட்டப்படி பொறுப்பாகும்போதுதான். யார் மீதும் தப்பில்லாமல் கால் முறிந்த பிள்ளையின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் குழு விபத்துக் காப்பீடு தனியாக வேண்டும். முகாமின் மாதக் கட்டணத்திலேயே அதன் பிரிமியத்தைச் சேர்த்துவிட வேண்டும்.

ஒரு மாதிரிப் படிவம்

இவ்வளவையும் ஒவ்வொரு உரிமையாளரும் வக்கீலைப் பிடித்து எழுதிக்கொள்வது நடக்காத காரியம். அதனால் ஒரு கோரிக்கையை இந்த அவையின் முன் வைக்கலாம். 1992-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு மாவட்டந்தோறும் அலுவலகம் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் எளியவர்களுக்கு இலவசச் சட்ட உதவி தருகின்றன. இரண்டும் சேர்ந்து, எளிய தமிழில் இரண்டு பக்கத்தில் ஒரு மாதிரி உரிம ஒப்பந்தத்தை அச்சிட்டுத் தரலாம்.

முதல் பக்கத்தில் எந்த நாட்கள், எந்த நேரம், அதிகபட்சம் எத்தனை பிள்ளைகள், எந்த வயது, எந்த ஆட்டம் என்பவை வர வேண்டும். அடுத்து, இருவரும் சேர்ந்து நடந்து பார்த்து எழுதிய குறைப் பட்டியலும், ஒவ்வொன்றையும் யார் எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்பதும். கிணறு, மின்சாரம், வாசல் உரிமையாளர் பெயரில். சாதனங்கள், மேற்பார்வை, முதலுதவிப் பெட்டி, பிள்ளைகளை ஒப்படைக்கும் நேரம் பயிற்சியாளர் பெயரில். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடிச் சத்தத்துக்குப் பின் முப்பது நிமிடம் கழித்தே தொடங்க வேண்டும் என்ற விதியையும் சேர்க்கலாம்.

இரண்டாம் பக்கத்தில் காப்பீட்டு எண், ஈட்டுறுதி, கையெழுத்திடுபவரின் சட்டத் தகுதி ஆகியவை. அதோடு, யார் யார் பிள்ளைகளோடு தனியாக இருக்கலாம், உடை மாற்றும் அறையின் சாவி யாரிடம் என்பதும் எழுதப்பட வேண்டும். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்வது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி யாருக்கும் கடமை. வாடகை வாங்கும் உரிமையாளர் அதிலிருந்து விலக்கு பெற்றவர் இல்லை.

கோடை முகாம்களுக்கான இடம் தேடல் பிப்ரவரி, மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. அதற்குள் இந்தப் படிவம் விளையாட்டு அலுவலகங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் கிடைக்குமானால், நிலம் கேட்டு வரும் பயிற்சியாளர் அதை நிரப்பி எடுத்துக்கொண்டே வருவார். உரிமையாளரும் அதைப் படித்துவிட்டு, அவரோடு சேர்ந்து நிலத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பலாம்.